இரணைமடுவும் வாக்குப் பெட்டியும்

வன்னி மக்கள் அரசியலிற் சிரத்தை இல்லாதவர்கள் என்றொரு பேச்சு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. வயலும் குளமும் மாடும் மழையுமே அவர்களுக்கு உலகம். யார் ஆண்டால் என்ன, யார் போனால் என்ன என்று இருப்பவர்கள் என்பது அப்பேச்சின் சாரம். பட்டினத்தார் இதனைச் சொல்லும்போது நம்மவரும் தலையசைத்து விடுகின்றனர். இது சரிதானா என்பதைச் சரித்திரத்தைத் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு செய்திகளை முதலிலே எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் கிளிநொச்சித் தொகுதி முழுவதிலும் அளிக்கப்பட்ட வாக்கு ஒன்றே ஒன்று. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற வட மாகாண சபைத் தேர்தலிலோ கிளிநொச்சி மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். இரண்டுக்கும் இடையே எட்டே ஆண்டுகள். அதே மண், பெரும்பாலும் அதே மக்கள். சிரத்தை என்பது மனிதரின் பிறவிக் குணமாயின் எட்டாண்டிலே இப்படி மாறுமா? மாறாது. ஆகவே வாக்களிப்பு வீதம் என்னும் எண், ஊரவரின் மனத்தை மட்டும் அளப்பதன்று; ஊரவர் இருந்த நிலையையும் சேர்த்தே அளக்கின்றது. இடாப்பிற் பெயர் உண்டா, சாவடிக்குப் போகும் வழி திறந்திருக்கின்றதா, போட்ட வாக்கு தன் வாய்க்கால் வரை வந்து சேருமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஓர் ஊரைக் குறை கூறலாம்.

குளம் தந்த ஊர்கள்

இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி நிற்கும் இக்குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. பின்னரும் பல முறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இதன் நீரை நம்பியிருக்கின்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டமும், அதற்கடுத்த ஆண்டிலே தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டமும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுப் பகுதியிலிருந்தும் மக்களை இங்கே கொண்டுவந்தன. முரசுமோட்டை, உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று குளத்து நீர் சென்ற வழியெல்லாம் ஊர்கள் எழுந்தன.

இவ்வூர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிற்பது தன் பாட்டன் வெட்டிய கிணற்றுக்கும் முதுசமாக வந்த காணிக்கும் மேலே. இரணைமடுக் கமக்காரனுக்கோ காணி கிடைத்தது காணிக்கச்சேரியிலே. நீர் வருவது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் துருசிலிருந்து. 1948ஆம் ஆண்டு முதல் நெல்லுக்கு உத்தரவாத விலை வைத்ததும், 1971ஆம் ஆண்டு நெற்சந்தைப்படுத்துஞ் சபையை அமைத்ததும் அரசாங்கமே. காணி, நீர், விலை என்னும் மூன்றும் அரசாங்கத்தின் கையில் இருக்கும் ஓர் ஊருக்கு அரசியல் தூரத்துப் பொருளாக இருத்தல் கூடுமா? வரம்பிலே நின்று பேசும் பேச்செல்லாம் அங்கே அரசியற் பேச்சேயாகும்.

கையுயர்த்திய வாக்கு

வாக்குப் பெட்டி வருவதற்கு முன்னரே நம் வயலூர்களில் வாக்கு இருந்தது. 1856ஆம் ஆண்டிலே இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் காலத்தில் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தது. குளத்து நீரைப் பங்கிடுவதிலும் வேலியடைப்பதிலும் ஊர்களில் வழங்கிவந்த பழைய வழமைகளை மீண்டும் நிலைநாட்டுவதே அதன் நோக்கம். காணிக்காரர் கூடி, பெரும்பான்மையோரின் இணக்கத்தோடு விதி வகுக்க அச்சட்டம் இடந்தந்தது. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டமும் அவ்வழியையே தொடர்ந்தது. 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஊருக்கூர் ஏற்படுத்திற்று. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அவ்விடத்தில் கமக்காரர் அமைப்புகள் நிற்கின்றன.

இரணைமடுவின் சிறுபோகக் கூட்டத்தை அறியாத இளைஞர் இருக்க மாட்டார்கள். காலபோகத்துக்கு வானம் உண்டு. சிறுபோகத்துக்குக் குளம் ஒன்றே கதி. குளத்திலே நிற்கும் நீர் எத்தனை அடி, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், அந்த ஏக்கரை எந்த வாய்க்காலுக்கு எப்படிப் பங்கிடுவது என்று அரசாங்க அதிபர் தலைமையிலே கமக்காரர் கூடி முடிவு செய்கின்றனர். அக்கூட்டத்துக்கு ஆட்களை அழைக்க ஒலிபெருக்கி தேவையில்லை. வாகனம் விடத் தேவையில்லை. ஏனெனில் அங்கே எடுத்த முடிவு சில கிழமைக்குள்ளே தன் வயலில் நீராக வந்து பாயும், அல்லது பாயாமல் நிற்கும். பலன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மனிதன் தானாகவே வந்து சேர்கின்றான். சிரத்தையற்றவன் என்று பெயர் வாங்கிய அதே மனிதன் அங்கே நாள் முழுவதும் நின்று வாதாடுகின்றான்.

ஆயினும் அக்கூட்டத்திலே ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். காணி உடையவனுக்கே அங்கே கை உண்டு. பிறர் வயலில் நாற்று நட்டும் அரிவி வெட்டியும் வாழ்வோருக்கும், தம் பெயரில் உத்தரவுப் பத்திரம் இல்லாத பெண்களுக்கும் அங்கே கையில்லை. வாக்குப் பெட்டியோ காணி உறுதியைக் கேட்பதில்லை. கூட்டத்திலே காணும் நெருக்கமும், பெட்டியிலே காணும் சமத்துவமும் ஒன்று சேர வேண்டும் என்பதே இச்சரித்திரம் முழுவதிலும் ஓடும் ஏக்கமாகும்.

முதல் வாக்கும் முதற் பகிஷ்கரிப்பும்

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த வாக்குரிமையை இங்கிலாந்தே 1928ஆம் ஆண்டிலேதான் வழங்கிற்று. மூன்றே ஆண்டுகளில் அது வன்னிக் காட்டோரத்துக் குடிசைக்கும் வந்து சேர்ந்தது. வேட்பாளருக்கொரு நிறப்பெட்டி வைத்து, எழுத்தறியாதவரும் வாக்களிக்க அந்நாளில் வழி செய்தனர்.

ஆனால் அந்த முதல் விருந்தை வடக்கின் பெரும்பகுதி உண்ணவில்லை. பூரண சுயராச்சியம் தராத திட்டம் எங்களுக்கு வேண்டா என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அறைகூவிற்று. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய கற்றோர் அதனை நடத்தினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. கரைச்சிப் பகுதி அக்காலத்தில் யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கேயுள்ள மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதியோ பகிஷ்கரிப்பிற் சேராது, அரசாங்க சபைக்குத் தன் பிரதிநிதியை அனுப்பிற்று. வன்னியின் இரு பக்கங்கள் ஒரே தேர்தலில் இரு வழி சென்ற முதற் சம்பவம் இதுவே.

1934ஆம் ஆண்டிலே இடைத்தேர்தல்கள் நடைபெற்றுப் பகிஷ்கரிப்பு முடிவுக்கு வந்தது. அதுவரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் நான்கு நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன. வாலிபர் காங்கிரசின் இலட்சியம் உயர்ந்தது. சாதி வேற்றுமையை எதிர்த்தும் தாய்மொழிக் கல்விக்காகவும் அவர்கள் செய்த பணியை இன்றும் போற்றுகின்றோம். ஆயினும் அந்த நாற்காலிகள் வெறுமையாயிருந்த காலத்திலும் சபை கூடியது, வரவு செலவு நிறைவேறிற்று, சட்டங்கள் பிறந்தன. வாராதவனுக்காகக் காலம் காத்திருப்பதில்லை என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

இடாப்பிற் பெயரில்லாத அயலவர்

வாக்களிப்பு வீதத்தைக் கணக்கிடும்போது கீழே நிற்கும் எண் பதிவான வாக்காளர் தொகையாகும். பதியப்படாதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. இரணைமடுவின் கதையிலே இது சிறிய செய்தியன்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் வாக்கிழந்தனர். அந்நாளில் வவுனியாத் தொகுதியின் பிரதிநிதியாகவும் வர்த்தக அமைச்சராகவும் இருந்தவர் செல்லப்பா சுந்தரலிங்கம். இந்திய பாகிஸ்தானிய வதிவோர் மசோதாவிலே பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவோடு முரண்பட்டு 1948ஆம் ஆண்டிலே பதவியை விட்டு விலகினார். வன்னி வாக்காளர் அனுப்பிய ஒருவர், வாக்கிழந்த மலைநாட்டாரின் பொருட்டு அமைச்சுப் பதவியைத் துறந்தார் என்பது நம் பகுதிக்குப் பெருமை தரும் செய்தி.

பின்னர் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களினாலும் தோட்டங்களிலே நேர்ந்த பட்டினியினாலும் மலைநாட்டுக் குடும்பங்கள் ஆயிரக்கணக்காக வன்னிக்கு வந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் காடு வெட்டிக் களனி ஆக்கினர். மற்றவர் வயலிலே கூலிக்கு நின்றனர். இவர்களுட் பலருக்குக் காணிப் பத்திரமும் இல்லை, பிரசாவுரிமையும் இல்லை. ஆகவே சிறுபோகக் கூட்டத்திற் கையும் இல்லை. தேர்தலில் வாக்கும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களை ஆடு மாடு போலப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்றவாறு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அந்த வழக்கு ஒருவாறு தீர்ந்தது. எதிர்வீட்டில் இருப்பவன் வாக்கற்றவனாக இருக்க, நம் ஊர் நூற்றுக்கு எண்பது வாக்களித்தது என்று மார்தட்டிய காலமும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தனித் தொகுதியின் காலம்

1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தின் பயனாகக் கிளிநொச்சி தனித் தொகுதியாயிற்று. அதே ஆண்டிலே வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. புதுத் தொகுதியும் புது வாலிபரும் ஒருங்கே அரங்கேறினர்.

1960ஆம் ஆண்டு மார்ச்சு, யூலை ஆகிய இரு தேர்தல்களிலும் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த ஏ. சிவசுந்தரம் வெற்றி பெற்றார். 1965ஆம் ஆண்டில் அதே கட்சியின் பண்டிதர் கா. பொ. இரத்தினம் தெரிவானார்; திருக்குறட் பணியால் நாடறிந்தவர் அவர். 1970ஆம் ஆண்டிலோ தொகுதி வேறு திசை திரும்பிற்று. தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக நின்ற வீ. ஆனந்தசங்கரியை மக்கள் தெரிந்தெடுத்தனர். அவர் 1960ஆம் ஆண்டிலே லங்கா சமசமாஜக் கட்சி வேட்பாளராக இதே தொகுதியில் நின்று தோற்றவர். பின்னர் 1965 முதல் 1968 வரை கரைச்சிக் கிராமச் சபையின் தலைவராக இருந்தவர். 1977ஆம் ஆண்டிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்று மீண்டும் வென்றார்.

வீடு, சைக்கிள், உதயசூரியன் என்று சின்னம் மாறியதை மட்டும் பார்ப்போர், இம்மக்கள் நிலையற்றவர் என்பர். சற்று ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரியும். இனத்தின் உரிமை என்னும் பெருங்கேள்வியில் தொகுதி ஒருபோதும் தளர்ந்ததில்லை. வென்றவை யாவும் தமிழ்க் கட்சிகளே. அந்த எல்லைக்குள்ளே நின்றுகொண்டு, ஊரின் வீதியையும் வாய்க்காலையும் அறிந்தவர் யார் என்று வாக்காளர் நிறுத்துப் பார்த்தனர். கிராமச் சபையிலே பழகிய முகத்துக்கு 1970இல் கிடைத்த வாக்கை அவ்வாறே விளங்கிக் கொள்ளலாம். ஒரு கையால் இனத்தையும் மறு கையால் மண்வெட்டியையும் பிடித்த வாக்கு அது.

இரண்டு மாதத்தில் இரண்டு தீர்ப்பு

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்திலே விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களின் வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் செத்தல் மிளகாயாற் செழித்தன. கிளிநொச்சி விளைபொருளை ஏற்றிய லொறிகள் கொழும்புக்கு ஓடின. 1977ஆம் ஆண்டின் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் செத்தல் சந்தையை நிரப்பிற்று. கமக்காரனின் கணக்குத் தலைகீழாயிற்று.

1982ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆந் திகதி நடைபெற்ற முதலாவது சனாதிபதித் தேர்தலிற் கூட்டணி போட்டியிடவில்லை. கிளிநொச்சி அடங்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. வாக்களித்தோருள் குமார் பொன்னம்பலம் 87,263 வாக்குப் பெற்று முதலிடத்தில் நின்றார். வியப்புக்குரியது இரண்டாம் இடமே. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவா, முன்னாள் விவசாய அமைச்சர், 77,300 வாக்குகளைப் பெற்றார். தமிழ் மாவட்டமொன்றிலே தென்னிலங்கை வேட்பாளருக்கு இவ்வளவு வாக்கு எப்படி வந்தது? செத்தலுக்கும் வெங்காயத்துக்கும் விலை கிடைத்த காலத்தைக் கமக்காரர் மறக்கவில்லை என்பதே அன்று பலரும் கண்ட விளக்கம்.

அதே ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்போருக்கு விளக்கு. இல்லை என்போருக்குப் பானை. இம்மாவட்டத்து வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பானைக்கே விழுந்தன. ஒக்ரோபரிலே மூன்று கூறாகப் பிரிந்த மக்கள், டிசெம்பரிலே ஒரே குரலிற் பேசினர். ஆளைத் தெரியும் கேள்விக்கு ஒரு விதமாகவும், நீதியைப் பற்றிய கேள்விக்கு வேறு விதமாகவும் விடையளிக்கத் தெரிந்த வாக்காளரைச் சிரத்தையற்றவர் என்று எவ்வாறு சொல்வது?

ஒரு வாக்கு

பின்னர் யுத்தம் வந்தது. 1984ஆம் ஆண்டு கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமாயிற்று. தேர்தல் மாவட்டமோ யாழ்ப்பாணமாகவே நின்றது. 1994ஆம் ஆண்டு ஓகஸ்டில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலின்போது இப்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மாவட்டத்திலே ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த பதிவு வாக்காளரில் நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. ஏறத்தாழ 10,700 வாக்குகளைப் பெற்ற ஈ.பி.டி.பி.யினருக்கு 9 ஆசனங்கள் கிடைத்தன. வாக்கு அருகிப் போனாலும் ஆசனம் அருகுவதில்லை. வாக்களித்த சிலரே பலருக்குமாகத் தீர்மானித்து விடுகின்றனர்.

2004ஆம் ஆண்டு ஏப்ரிலிலே சமாதான காலத்தின் நடுவில் நிலைமை மாறிற்று. கட்டுப்பாட்டுப் பகுதி மக்களுக்காக எல்லையோரங்களிலே கொத்தணி வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. முகமாலை வரை பஸ்களிலும் உழவு இயந்திரங்களிலும் சென்று மக்கள் வரிசையில் நின்றனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 8ஐ வென்றது.

அடுத்த ஆண்டே 2005 நவம்பர். விடுதலைப் புலிகளும் கூட்டமைப்பும் சனாதிபதித் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று அறிவித்தனர். மாவட்டத்தின் வாக்களிப்பு நூற்றுக்கு 1.21, கிளிநொச்சியில் ஒரு வாக்கு. மகிந்த ராசபக்சா 180,786 வாக்கு வித்தியாசத்தில் ரணில் விக்கிரமசிங்காவை வென்றார். அத்தேர்தலைப் பற்றி நம் மக்களிடையே இரு கருத்துண்டு. யார் வந்தாலும் தமிழனுக்கு ஒன்றே என்னும் கசப்பான அனுபவத்திற் பிறந்த தீர்மானம் அது என்பர் ஒரு சாரார். மக்கள் தாமாகத் தீர்மானிக்க அன்று இடமேது என்பர் மறு சாரார். இந்த வழக்கை ஒரு கட்டுரை தீர்த்துவிட முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: போகாத வாக்கும் எண்ணப்பட்டது. பெட்டி வெறுமையாய் இருந்ததனால் நாட்டின் விதி எழுதப்படாமல் நிற்கவில்லை. நம் பங்கில்லாமல் எழுதப்பட்டது. அந்த விதியின் பாரமோ பின்னர் நம் தலையிலேயே விழுந்தது.

மீண்டும் வரிசை

2009ஆம் ஆண்டு தொடக்கத்திலே கிளிநொச்சி மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றதையும், எஞ்சியோர் மெனிக் பாம் முட்கம்பிக்குள் வாழ்ந்ததையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. அதனை அனுபவித்தவர்களே இவ்விதழின் வாசகர்கள். 2010 சனவரியிலே சனாதிபதித் தேர்தல் நடைபெற்றபோது மாவட்டத்தில் நூற்றுக்கு 26 பேர்கூட வாக்களிக்கவில்லை; ஏப்ரில் பாராளுமன்றத் தேர்தலில் அதனினும் குறைவு. அடையாள அட்டை தீயிலே போயிற்று. பெயர் ஓரிடத்தில், ஆள் வேறிடத்தில். அந்நாளின் எண்ணைக் கொண்டு மக்களின் மனத்தை அளப்பது, காய்ச்சற்காரனின் ஓட்டத்தை அளப்பது போன்றதே.

வீடு கட்டி, கிணறு இறைத்து, கண்ணிவெடி அகற்றிய வயலிலே முதற்போகம் கண்ட பின்னர் 2013 செப்டெம்பர் வந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் 4 ஆசனங்களில் 3ஐ நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வாக்குகளோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. மாகாணம் முழுவதிலும் 38இல் 30 அதற்கே. மாகாண சபைக்கு இருந்த அதிகாரம் சிறிது என்பதை மக்கள் அறியாதவரல்லர். எனினும் அத்தேர்தலிலே கிளிநொச்சி தன் பெயரால் எண்ணப்பட்டது. தன் நால்வரைத் தானே தெரிந்தது. இதனையும் அன்றைய உற்சாகத்துக்கு ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

பதினொன்றில் ஒன்று

பாராளுமன்றத் தேர்தலிலோ கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் ஒன்றாகவே நிற்கின்றது. இதன் பொருளை இரணைமடு நீர்ப் பிணக்கு நன்கு உணர்த்திற்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டது. குடாநாட்டின் கிணறுகள் உவராகி வருவது உண்மை. தாகத்துக்கு நீர் மறுப்பது தமிழர் பண்பன்று. ஆனாற் சிறுபோகத்துக்கே நீர் போதாத குளத்திலிருந்து எடுத்தால் கடைவாய்க்காற் கமக்காரன் கதி என்ன என்று இரணைமடுக் கமக்காரர் அமைப்புகள் கேட்டன. அக்கேள்வி கட்சிகளையும் இரண்டாகப் பிளந்தது. ஒரே கட்சிக்கு வாக்களித்த இரு பகுதியார், நீர் என்று வந்தபோது எதிர்ப்பக்கத்தில் நின்றனர். இறுதியிலே திட்டம் மாற்றப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க அது 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. வாய்க்காலிலே ஒன்றுபட்டு நின்ற கமக்காரர் தொகையாற் சிறுபான்மையரெனினும் தம் கேள்வியைக் கேட்க வைத்தனர். ஆனால் மாவட்டத்தின் ஆசனமோ தேய்ந்துகொண்டே வருகின்றது: 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. யுத்தத்தாலும் புலம்பெயர்வாலும் ஆட்தொகை குறைந்ததே காரணம். ஆசனம் குறையக் குறைய, பதியப்படும் ஒவ்வொரு பெயரின் பெறுமதியும் கூடுகின்றது.

2024 நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற தேர்தலில் அந்த 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழ்க் கட்சிகள் பல கூறாகப் பிரிந்து நின்றன. தென்னிலங்கைத் தலைமையுடைய கட்சி ஒன்று இம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. இதனை இனத்தின் தளர்ச்சி என்று கலங்குவோரும் உளர். மாற்றத்தின் விடிவு என்று மகிழ்வோரும் உளர். 1982ஆம் ஆண்டின் ஒக்ரோபரையும் டிசெம்பரையும் அறிந்தவர்கள் இரண்டுக்கும் அவசரப்பட மாட்டார்கள். நம் வாக்காளர் ஒரு தேர்தலில் ஒரு கேள்விக்கு விடையளித்தனர். அடுத்த கேள்விக்கு அடுத்த விடை வரும்.

இளைஞர் செய்யத்தக்கது

இதுவரை கண்டவற்றால் வன்னியார் சிரத்தையற்றவர் என்னும் பேச்சுப் பொய் என்பது தெளிவாகும். பதிவு இருந்து, வழி திறந்து, பலன் கண்ணுக்குத் தெரிந்த போதெல்லாம் இவ்வூர் வரிசையில் நின்றிருக்கின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தபோது வரிசையும் குறைந்தது. யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. அதிலே மன்றம் தலையிடல் ஆகாது. ஆனால் இம்மூன்று கதவுகளையும் திறந்து வைப்பது மன்றத்தின் கடனாகும்.

ஆண்டுதோறும் கிராமசேவையாளர் கொண்டுவரும் இடாப்புப் படிவம் வீட்டு மூலையிலே கிடந்து போகின்றது. நம் இளைஞர் இருவர் மூவராகச் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று அதனை நிரப்ப உதவலாம். 18 வயது நிரம்பியோர், மணமாகி வேற்றூரிலிருந்து வந்த பெண்கள், வாடகைக்கும் வாடிக்கும் இருப்போர், மலைநாட்டிலிருந்து வந்து குடியிருக்கும் முதியோர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் தவறிப் போகின்றன. இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் நாட்களிற் பெயர் பார்த்து, இல்லையாயின் உரிமைக் கோரிக்கை எழுதிக் கொடுக்கும் பழக்கமும் நமக்கு வேண்டும். பெரியோர்கள் தங்கள் காலத்துத் தேர்தல்களை இளையோருக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். ஏட்டிலே எழுதப்படாத சரித்திரம் அவர்களிடத்திலேதான் இருக்கின்றது.

சிறுபோகக் கூட்டத்திலே கடைவாய்க்காற்காரன் எழுந்து நின்று, என் வயலுக்கும் நீர் வர வேண்டும் என்கின்றான். அவனுடைய ஏக்கர் ஏட்டிலே பதியப்பட்டிருந்தாற்றான் அந்தச் சொல் எடுபடும். நாடு என்னும் பெருங்குளத்துக்கும் அதே நியாயந்தான். வான்கதவு யார் கையில் இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு முன்னே, நம் பெயரும் நம் அயலவர் பெயரும் ஏட்டில் உண்டா என்று பார்த்துக்கொள்வோமாக.